கோழிக்கருவின் மூளையில் பச்சைக் கோடு

எங்கள் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனிங்க?" என்பதுதான். நான் கம்பெனிக்குப் போவதில்லை, ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறேன் என்று சொன்னால், எதில் என்று அடுத்த கேள்வி வரும். கோழிக்கருவின் மூளையில் என்பேன். அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தை மறந்துவிட்டு என்னையே பார்ப்பார். பண்ணை வைக்கப் போகிறாயா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முட்டைக்குள் மஞ்சளும் வெள்ளையும்தானே இருக்கிறது, மூளை எங்கிருந்து வந்தது என்று கேட்டு, என்னை மடக்கிவிட்ட பெருமையில் இன்னொருவர் சிரித்திருக்கிறார். எனக்கோ மூக்குக்கு மேலே கோபம் வரும். நான் வாயைத் திறப்பதற்குள் மேசைக்கு அடியில் அம்மா என் தொடையைக் கிள்ளிவிடுவாள்.

திருப்பூர் வீரபாண்டியில் எங்கள் வீடு மாடியில், பனியன் கம்பெனி கீழே. பெரிய ஏற்றுமதிக்காரர்களிடம் வெட்டிய துணியை வாங்கி, தைத்து, குறை பார்த்து, மடித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. தையல் முழுக்க அப்பாவின் பொறுப்பு. தைத்து வருவதை மேசையில் விரித்துப் போட்டுப் பார்க்கும் செக்கிங் பகுதி அம்மாவின் ராஜ்ஜியம். அங்கே அப்பாவுக்கே அதிகாரம் கிடையாது. நான் தினமும் காலையில் பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போய், ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் முட்டை ஓட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதைப் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கரு உருவான புதிதில் மூளை என்பது ஒரு மெல்லிய குழாய். அது மூன்று இடத்தில் புடைத்து முன்மூளை, நடுமூளை, பின்மூளை என்று பிரியும். நடுமூளைக்கும் பின்மூளைக்கும் இடையில் இடுப்பு மாதிரி ஓர் ஒடுக்கம் உண்டு. அந்த ஒடுக்கத்தில் இருக்கும் செல்கள் மட்டும் ஒரு குறிப்பிட்ட மரபணுவை விளக்குப்போல ஏற்றுகின்றன. அது வேலை செய்தால்தான் அதற்கு முன்னால் இருக்கும் பகுதி நடுமூளையாகவும் பின்னால் இருக்கும் பகுதி பின்மூளையாகவும் வளரும். அந்த இடத்தில் மட்டும் எரிய வேண்டும், உரிய நேரத்தில் எரிய வேண்டும். இடம் தப்பினால் மூளை கோணலாகிவிடும். கோழிக்கும் அப்படித்தான், தாயின் வயிற்றில் இருந்தபோது எனக்கும் உங்களுக்கும் அப்படித்தான். ஆனால் உடம்பின் எல்லா செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. அப்படியிருக்க, அந்த ஒடுக்கத்தில் மட்டும் அதை ஏற்றிவிடுவது எது என்பதுதான் என் கேள்வி.

அம்மாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் கம்பெனியையே காட்டினேன். சரக்கு வாங்கும் பையர் அனுப்பும் அளவுத்தாள் ஒன்றுதான், எல்லா டெய்லருக்கும் அதே தாள்தான் போகிறது, ஆனாலும் காலர் வைக்கிறவர் காலர் மட்டும் வைக்கிறார், கை ஏற்றுகிறவர் கை மட்டும் ஏற்றுகிறார், செல்லும் அப்படித்தான் என்றேன். அம்மா ஒரு பனியனை உள்பக்கம் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நீ காலர் வை, நீ கை ஏத்துன்னு அதுகளுக்கு ஆரு கண்ணு சொல்றது?"

"அதைத்தாம்மா நான் தேடிட்டிருக்கறேன்."

"இத்தன வருசமாவா?" என்று சொல்லிவிட்டு அடுத்த பனியனை எடுத்தாள். செக்கிங் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு விடை இருந்தது. அந்த மரபணுவுக்கு வெகு தூரம் தள்ளி, யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில், ஒரு சிறு டி.என்.ஏ. துண்டு. கோழி, எலி, மனிதன் மூன்றிலும் அது கிட்டத்தட்ட மாறாமல் அப்படியே இருந்தது. இதுதான் சுவிட்ச் என்று என் மனது அடித்துச் சொன்னது. மனது சொன்னால் யார் கேட்கிறார்கள்? நிரூபிக்க வேண்டும். அதற்கு அந்தத் துண்டைப் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றின் மரபணுவோடு ஒட்ட வேண்டும். ஒன்றரை நாள் அடைகாத்த முட்டையின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, கருவின் மூளைக்குழாய்க்குள் மயிரிழை போன்ற கண்ணாடி ஊசியால் அதைச் செலுத்தி, இரண்டு பக்கமும் கம்பி வைத்து லேசாக மின்சாரம் கொடுத்தால் டி.என்.ஏ. செல்களுக்குள் போய்விடும். ஜன்னலை டேப் ஒட்டி மூடி இன்குபேட்டரில் வைத்துவிட்டு மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மூளை முழுக்கப் பச்சையாக இருந்தாலும் தோல்வி, எங்குமே இல்லாவிட்டாலும் தோல்வி. அந்த ஒடுக்கத்தில் மட்டும் கோடு இழுத்தது மாதிரி பச்சை வந்தால் என் துண்டு சுவிட்ச்தான்.

என் படிப்பு எங்கே போகிறது என்று பார்க்க ஒரு குழு உண்டு. என் வழிகாட்டியான மேடம், அதே கல்லூரியின் பேராசிரியர் ஒருவர், வெளியூரிலிருந்து வரும் நிபுணர் ஒருவர். அந்த நிபுணருக்கு எதையும் நம்பாத ஒரு பார்வை. அவ்வருடக் கூட்டத்தில் அவர் என் படங்களை எல்லாம் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: கணினியில் காட்டுவது போதாது, அடுத்த கூட்டத்தில் உயிருள்ள கருவில் காட்ட வேண்டும், முடியாவிட்டால் இந்த சுவிட்சை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேறு தலைப்பு எடுக்க வேண்டும். வேறு தலைப்பு என்றால் மறுபடியும் முதலிலிருந்து. வீட்டில் அதற்கு இடமில்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளை படிப்பை முடிக்கட்டும் என்று சொல்லித்தான் ஜாதகத்தோடு வந்தவர்களை எல்லாம் அப்பா காப்பி கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று அவர் முன்னால் நின்று சொல்ல எனக்கு வாய் வராது. பச்சைக் கோடு வந்தால் நான் ஆராய்ச்சியாளர், வராவிட்டால் செக்கிங் மேசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒன்றிரண்டு கருவில் மங்கலாகப் பச்சை தெரிந்த மாதிரிகூட இருந்தது. சித்திரை வெயில் தொடங்கிய சமயத்தில் பிடித்தது சனி. கோடு வராததை விடுங்கள், கருவே செத்துப்போக ஆரம்பித்தது. காலையில் இன்குபேட்டரைத் திறந்து முட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்தால், சிவப்பு ரத்தக்குழாய்கள் வலைபோல் பரவியிருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த ஒரு திட்டு. அடுத்த முட்டையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

என் கை கனம் என்றார் மேடம். ஊசி பிடிக்கிற கை பூப்போல இருக்க வேண்டுமாம், எனக்கு அது வராதாம். சொல்லிவிட்டு அவர் காப்பி குடிக்கப் போனார், நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் மாற்றினேன். ஊசியை மாற்றினேன், மின்சாரத்தைக் குறைத்தேன், இன்குபேட்டரை ஜன்னல் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினேன். பஸ் குலுக்கலில்தான் சாகிறதோ என்று முட்டை அட்டையைத் துணியில் சுற்றி மடியில் வைத்து, பிறந்த குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, ஆம்லெட்டுக்கா அக்கா என்று கேட்டார். அவர் தப்பிப் பிழைத்தது அவர் நல்ல நேரம்.

எதுவும் உதவவில்லை. கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். ஊசி போடாமல், ஓட்டில் கீறல்கூட விழாமல், வந்த முட்டைகளை வந்தபடியே இன்குபேட்டரில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து விளக்கில் பிடித்துப் பார்த்தேன். அவையும் செத்திருந்தன.

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் பைத்தியம் என்பீர்கள். அட கெரகமே, என் கையில் குறை இல்லை! நான் தொடாத முட்டையும் சாகிறது என்றால் கோளாறு முட்டையில். முட்டை அனுப்புகிறவரைப் பிடித்து உலுக்க வேண்டியதுதான் பாக்கி.

முட்டை அனுப்புகிறவர் அவிநாசிபாளையத்துக்கு உள்ளே பண்ணை வைத்திருந்தார். அம்மாவுக்குத் தூரத்து உறவு, எனக்கு மாமன் முறை. கடையில் விற்கிற முட்டையில் கரு இருக்காது, சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டைதான் எனக்கு வேண்டும். அவர் குஞ்சு பொரிப்பதற்கென்றே கோழி வளர்க்கிறவர். மத்தியானம் அவருடைய வேன் திருப்பூருக்கு வரும்போது எங்கள் கம்பெனியில் என் அட்டையை இறக்கிவிட்டுப் போகும், மறுநாள் காலை நான் கல்லூரிக்கு எடுத்துப் போவேன். இந்த மாமாவுக்குத்தான் போன் போட்டு, சீக்கு வந்த கோழியின் முட்டையையா என் தலையில் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. நேரில் வந்து பார்த்துவிட்டுப் பேசச் சொன்னார்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். மூன்று வாரம் முன்னால் எனக்கு அனுப்பிய அதே நாள் முட்டைகளின் மிச்சம் அவருடைய பொரிப்பானில் இருந்தது. கதவைத் திறந்தார். உள்ளே மஞ்சள் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. மாமா ஒரு சொம்பு மோர் கொடுத்து, "குடிங்க அம்மிணி, நெம்ப வெயிலு" என்றார். குனிந்த தலையோடு வாங்கிக் குடித்தேன்.

பண்ணையில் பிழைக்கிறது, ஆய்வுக்கூடத்தில் சாகிறது. அப்படியானால் நடுவழியில்தான் ஏதோ நடக்கிறது. அன்றைக்கு எனக்கான முட்டைகளோடு வேனில் நானே ஏறிக்கொண்டேன். வழி முழுக்க அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெயில் படவில்லை, பெரிதாகக் குலுங்கவும் இல்லை. கம்பெனிக்கு வந்ததும் வழக்கமாக வைக்கும் மாடிப்படி நிழலில் நானே என் கையால் வைத்தேன். பசி காதை அடைத்தது. மேலே போய் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். மாடிப்படிக்கு அடியில் அட்டையைக் காணோம்.

செக்கிங் மேசையில் இருந்தது. டியூப் லைட்டுக்கு நேர் கீழே முட்டைகள் வரிசையாக நின்றன. துணியில் எண்ணெய்க் கறை பட்டால் எடுப்பதற்கு ஒரு ஸ்பிரே கன் உண்டு, அதிலிருந்து வரும் மருந்து மூக்கில் ஏறினால் தலை கிறுகிறுக்கும். ஒரு பெண் அந்த கன்னை முட்டைக்கு நேரே பிடித்து அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தாள். அம்மா ஒவ்வொன்றாக வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியாகத் துடைக்காததைத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"கோழி எச்சமும் தூசியும் அப்பிக்கிட்டு வருது கண்ணு. நம்ம கம்பெனில இருந்து கறையோட ஒரு சாமான் வெளிய போகலாமா? உங்க மேடம் நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. எறும்புக்கால் அளவு கறைக்குப் பெட்டி பெட்டியாகச் சரக்குத் திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். செக்கிங் மேசையைத் தாண்டிக் கறை போனால் அது அம்மாவுக்கு மானப் பிரச்சினை. சித்திரை மாதத்தில் ஒருநாள் மாடிப்படியைக் கூட்டும்போது முட்டையில் ஒட்டியிருந்த அழுக்கைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அட்டை வந்து இறங்கியதும் முதல் வேலையாகச் சுத்தம் செய்து, வந்தமாதிரியே அடுக்கி, மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறாள். நான் எப்போதும் சிடுசிடுவென்று திரிந்ததால் என்னிடம் சொல்லவில்லை. நானும் முட்டை சாகிற கவலையில், அது பளிச்சென்று இருப்பதைக் கவனிக்கவேயில்லை. மகளின் படிப்புக்குத் தன்னால் ஆனது என்று நினைத்துச் செய்திருக்கிறாள்.

நான் கத்தினேன். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அதன் வழியாகத்தான் கரு மூச்சு விடுகிறது, இந்த மருந்து அதே வழியில் உள்ளே போய் அதைக் கொன்றுவிடும் என்று மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினேன். கன் பிடித்திருந்த பெண் திண்டுக்கல் பக்கத்துக்காரி, கன்னைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல் பகுதியிலிருந்து அப்பா ஓடி வந்தார். அம்மா மட்டும் அசையவில்லை. கையிலிருந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்ட மூச்சு உடும்னு எனக்கென்ன கண்ணு தெரியும்" என்றாள். அவள் குரல் அப்படிக் கம்மிப்போய் நான் கேட்டதில்லை.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். என் கை சரி, என் ஊசி சரி, மாமாவின் கோழி சரி. இத்தனை நாளும் என் ராத்தூக்கத்தைக் கெடுத்தது கறை எடுக்கிற கன்! அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள், ஆனால் விடவில்லை. அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் புரியாமல், இனிமேலாவது பிழைக்குமா என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிழைக்கும் என்றேன்.

பிழைத்தன. அடுத்து வந்த அட்டைகளை யாரும் தொடக்கூடாது என்று அம்மா அதைச் சுற்றி சிவப்பு டேப் ஒட்டிவிட்டாள். சந்தேகச் சரக்கை ஒதுக்கி வைக்க நாங்கள் ஒட்டும் டேப் அது, அதைப் பார்த்தால் கம்பெனியில் அப்பாகூடக் கிட்டே போகமாட்டார். எச்சமும் இறகுமாக, கண்றாவியான கோலத்தில் முட்டைகள் கோயம்புத்தூர் போயின. ஊசி போட்டு மறுநாள் ஜன்னல் வழியே பார்த்தால் கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. பச்சைப் புரதத்தை ஒளிரவைக்கும் நீல வெளிச்சத்தைப் போட்டேன். நடுமூளையும் பின்மூளையும் சேரும் அந்த ஒடுக்கத்தில் மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு. மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். கை கனம் என்று சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆனால் எனக்கு அந்த நிபுணரைத் தெரியும். கூட்டத்தில் அவர் என்ன கேட்பார் என்று யோசித்தேன். மின்சாரக் கம்பியை அந்த ஒடுக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தாய், டி.என்.ஏ. அங்கே மட்டும் போனது, அதனால் அங்கே மட்டும் பச்சை, இதில் சுவிட்ச் எங்கே வந்தது என்பார். நியாயமான கேள்வி, அதனால்தான் எனக்கு எரிச்சல். அதற்கு ஒரே வழி, எந்தச் செல்லுக்குள் போனாலும் சிவப்பாக ஒளிரும் இன்னொரு டி.என்.ஏ.வையும் சேர்த்துச் செலுத்துவது. சிவப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் என் துண்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் ஒன்றாகச் செலுத்தினால் கரு தாங்குமா, இருக்கிற நேரத்தில் விஷப்பரீட்சை வேண்டாம் என்றார் மேடம். நான் கேட்கவில்லை. அதோடு நிற்காமல், என் துண்டில் சில எழுத்துகளை மட்டும் வேண்டுமென்றே சிதைத்து ஓர் உடைந்த சுவிட்சும் தயார் செய்தேன். உடைந்தது எரியக்கூடாது, அப்போதுதான் உடையாதது எரிவதற்கு மதிப்பு.

கூட்டத்தன்று இன்குபேட்டரில் உயிரோடு சில முட்டைகள் இருந்தன. ஜன்னல் வெட்டிய முட்டை எந்த நிமிடம் கைவிடும் என்று சொல்ல முடியாது. நான் நிமிடத்துக்கு ஒருதரம் ஓடிப்போய் இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன், அந்த நிபுணரோ போண்டாவைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து ஆற அமரச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ரயில் சாப்பாடு சரியில்லையாம். இன்னொரு போண்டா வேண்டுமா என்று கல்லூரிப் பேராசிரியர் உபசாரம் வேறு செய்தார். நிபுணர் கையிலிருந்து தட்டைப் பிடுங்காமல் இருந்ததற்கே எனக்குப் பட்டம் கொடுக்கலாம்.

ஒருவழியாக வந்தார். முதல் முட்டையை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து நீல வெளிச்சத்தைப் போட்டேன். அவர் குனிந்து பார்த்தார். பச்சைக் கோடு தெரிகிறது என்றார். பிறகு நிமிராமலே, நான் எதிர்பார்த்த அதே கேள்வியை, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் கேட்டார். கம்பி அங்கேதானே இருந்தது?

நான் கையை நீட்டி நிறத்தைப் பிரித்துக் காட்டும் ஃபில்டரை மட்டும் மாற்றினேன்.

கருவின் மூளையில் ஒரு பக்கம் முழுக்க, முன்னாலிருந்து பின்னால்வரை, சிவப்பு. அந்தப் பக்கத்தில் டி.என்.ஏ. எல்லா இடத்துக்கும் போயிருந்தது. அவர் தானே கையை நீட்டி ஃபில்டரைப் பச்சைக்கு மாற்றினார். அந்த ஒடுக்கத்தில் மட்டும் கோடு. சிவப்புக்கு மாற்றினார். பச்சைக்கு மாற்றினார். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று புது விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தை மாதிரி மாற்றி மாற்றிப் பார்த்தார். இதயம் துடிப்பதுகூடத் தெரிகிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த முட்டையை வைத்தேன். உடைந்த சுவிட்ச். சிவப்பு நிறைந்திருந்தது, பச்சைக்கு மாற்றினால் ஒரே இருட்டு. அவர் ரொம்ப நேரம் அந்த இருட்டைப் பார்த்தார். மேடம் என் தோளைப் பிடித்திருந்தார், அவர் நகம் பதிந்தது வீட்டுக்குப் போன பிறகுதான் வலித்தது.

அவர் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சுவிட்ச்தாம்மா இது. எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. ஆய்வேட்டை எழுத ஆரம்பி."

நான் ஜெயித்துவிட்டேன். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பெரிய காரியம் செய்திருப்பார்கள், இருக்கட்டும். கருவுக்குள் மூளை உருவாகும்போது அதன் ஓர் எல்லையில் விளக்கேற்றுவது எது என்று அந்த நிமிடம் உறுதியாகத் தெரிந்த முதல் ஆள் வீரபாண்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு ஓடிவந்து கம்பெனிக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள். பின்னால் ஓவர்லாக் தையல் மெஷின்களின் இரைச்சல். வந்துவிட்டது, அவர் ஒத்துக்கொண்டார், எழுதச் சொல்லிவிட்டார் என்று மூச்சு வாங்கக் கத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை, இரு கண்ணு என்றாள். "ஏனுங்க, பிள்ள பேசுது" என்று அவள் அப்பாவைக் கூப்பிடுவது கேட்டது.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் மெஷினை நிறுத்துவது அவருக்கு ஆகவே ஆகாது. தன் தங்கைக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்த அன்றுகூட, லாரி சரக்கை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அந்த வாரம் ஷிப்மென்ட் வாரம். சாயந்திரம் லாரி வருவதாக இருந்தது.

போனில் திடீரென்று இரைச்சல் நின்றது. ஒரு மெஷின் இல்லை, மொத்தமும். ஃபேன் சத்தம்கூட இல்லை. பிறந்ததிலிருந்து அந்த மெஷின்களுக்கு மேலே குடியிருக்கிறவள் நான், வேலை நாளில் பட்டப்பகலில் அவை மௌனமாக இருந்து ஒருநாளும் கேட்டதில்லை. அந்த மௌனத்துக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அம்மிணி, ஸ்பீக்கர்ல போட்டிருக்குது. எல்லாருமே நிக்கறாங்க. என்ன கண்டுபுடிச்சேன்னு மொதல்ல இருந்து சொல்லு."

அழுதுகொண்டேதான் ஆரம்பித்தேன். பச்சையைச் சொன்னேன், சிவப்பைச் சொன்னேன், உடைந்த சுவிட்சைச் சொன்னேன், அவர் கண்ணாடியைக் கழற்றியதைச் சொன்னேன். அந்தப் பக்கம் யாரும் குறுக்கே பேசவில்லை. நான் கடைசி வார்த்தையைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அப்பா ஒரு மெஷினைக்கூடப் போட விடவில்லை.